சீஸ், கிரீம், போத்தல் சோஸ் இல்லாமல் நாலு பேருக்கு பாஸ்டா

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருகோணமலையில் நாலு பேர் உள்ள வீடு. கிழமையில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்டா செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு விருப்பம். ஆனால் சீஸ், கிரீம், போத்தல் சோஸ் என்று வாங்கினால் ஒருநேரச் சாப்பாடு இரண்டு நாள் கறிச்செலவைத் தின்றுவிடுகிறது. அப்படிச் செலவழித்தும் சிலநேரம் குழைந்து ஒட்டுகிறது, சிலநேரம் சோஸ் தட்டின் அடியில் தண்ணீராகத் தேங்கி நிற்கிறது. செலவையும் குறைத்து, ஒழுங்காகவும் செய்ய வழி உண்டா?

உண்டு. சீஸையும் கிரீமையும் மலிவான வேறு சீஸாலும் கிரீமாலும் மாற்றுவது அந்த வழி அல்ல. அவற்றை விட்டுவிடுங்கள். காசைப் பாஸ்டா பக்கெற்றில் போடுங்கள், சோஸை மீன் சந்தையிலும் மரக்கறிக் கடையிலும் தேடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது பாஸ்டா அவிந்த தண்ணீர். அதற்குக் காசு இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் கழிவுக்கிடங்கில் ஊற்றுகிறோம்.

முதலில் பக்கெற். மலிவு என்று எடுக்கிற மக்கறோனி பல சாதாரண ரொட்டிக் கோதுமை மாவில் செய்தவை. அதில் உள்ள புரத வலை பலவீனமானது, கொதிநீரில் மாச்சத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்காது. அதனால் வெளிப்பக்கம் கரைந்து பசையாகும், உள்ளே இன்னும் வேகாமல் இருக்கும். டியூரம் என்ற கடினக் கோதுமையில் செய்த பாஸ்டா அப்படி இல்லை. 2 நிமிடம் கூடுதலாக அவிந்தாலும் உருக்குலையாது. இத்தாலியில் 1967 ஆம் ஆண்டுச் சட்டப்படி உலர் பாஸ்டாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பக்கெற்றின் பின்பக்கத்தில் சேர்மானங்களைப் பாருங்கள். டியூரம் என்று இருந்தால் எடுங்கள். வெறும் கோதுமை மா என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள். நிறத்திலும் தெரியும்: டியூரம் இளமஞ்சளாக, கொஞ்சம் கண்ணாடித் தன்மையோடு இருக்கும், மற்றது வெள்ளையாக, ஒடித்தால் சுண்ணாம்புபோல் உதிரும். இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் ஒரு சின்னச் சீஸ் பெட்டியின் விலைக்குக் கிட்டவும் வராது. இந்தச் சாப்பாட்டில் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

அளவு ஆளுக்கு 100 கிராம், நாலு பேருக்கு 400 கிராம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 320 போதும். அவிந்த பிறகு நிறை இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்பதால், பக்கெற்றைப் பார்த்துக் காணாது என்று கூடப் போடாதீர்கள்.

தண்ணீர் பற்றி: 100 கிராமுக்கு 1 லீற்றர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் பழைய கணக்கு. 400 கிராமுக்கு 4 லீற்றர் கொதிக்க வைக்கக் காஸ் வீணாகும். டியூரம் பாஸ்டாவுக்கு 2½ லீற்றர் தாராளம். முதல் 2 நிமிடம் கைவிடாமல் கிளறினால் ஒட்டாது. ஒட்டுவதெல்லாம் அந்த முதல் 2 நிமிடத்தில்தான் நடக்கும், மேற்பரப்பு மாச்சத்து பசையாகிற நேரம் அது. தண்ணீர் குறைந்தால் இன்னொரு நன்மை, மாச்சத்து அடர்த்தியாகக் கரைந்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் பிறகு சோஸைத் திரட்டப்போகிறது.

உப்பு 2½ லீற்றருக்கு 20 முதல் 25 கிராம், அதாவது தூள் உப்பென்றால் தட்டையாக நிரப்பிய 4 தேக்கரண்டி. கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும் என்பதால் ஒரு கரண்டி கூட வேண்டியிருக்கும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம், பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். பாஸ்டாவுக்குள் உப்பு இறங்க இது ஒன்றே சந்தர்ப்பம். இங்கே குறைத்துவிட்டுப் பிறகு சோஸில் எவ்வளவு போட்டாலும், வெளியே கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும். கருவாடோ மாசியோ போடுகிற நாளில் மட்டும் 15 கிராமாகக் குறையுங்கள்.

நூடில்ஸ் செய்து பழகிய கை இரண்டு காரியம் தானாகவே செய்யும்: கொதிநீரில் எண்ணெய் விடும், வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசும். இரண்டையும் நிறுத்துங்கள். எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், அவியும் பாஸ்டாவைத் தொடாது. வடிக்கும்போதுதான் அது பாஸ்டாவின் மேல் படியும், படிந்த பின் சோஸ் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். அலசினால் மேலே உள்ள மாச்சத்துப் படலம் கழுவுப்பட்டுப் போகும்; சோஸ் பிடிப்பது அந்தப் படலத்தில்தான். உதிரி உதிரியாக இருக்க வேண்டும் என்பது பிரட்டல் நூடில்ஸுக்குச் சரி, பாஸ்டாவுக்கு அது குறை.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் கடியுங்கள், அல்லது நகத்தால் கிள்ளி உள்ளே பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருக்கும்போதே இறக்க வேண்டும், ஏனென்றால் அது இன்னும் 2 நிமிடம் சோஸ் தாச்சியில் வேகப்போகிறது. பக்கெற்றில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 ஆவது நிமிடம் கடித்துப் பாருங்கள்.

காஸ் மிச்சம் பிடிக்க இன்னும் ஒரு முறை இருக்கிறது. 2022 இல் நாங்கள் இங்கே சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டு, எரிவாயு விலை ஏறிய இத்தாலியில் இது பெரிய விவாதமானது. 2021 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜோ பரீசி, தண்ணீர் கொதித்துப் பாஸ்டா போட்டபின் அடுப்பைக் குறைத்தோ அணைத்தோ மூடி வைத்தே அவிக்கலாம், மூடிதான் முக்கியம் என்று தன் முகநூலில் பகிர்ந்தார். சமையல்காரர்கள் சிலர் கோபப்பட்டார்கள், ஆனால் காரியம் நடக்கிறது. மாச்சத்து பசையாவதற்கும் புரதம் இறுகுவதற்கும் 80 பாகைக்குக் கொஞ்சம் கூடிய சூடு போதும். தளதளவென்று கொதிக்கத் தேவை இல்லை. செய்வது இப்படி: நன்றாகக் கொதித்ததும் பாஸ்டாவைப் போட்டு 2 நிமிடம் கிளறுங்கள். மூடியை இறுக மூடி அடுப்பை அணையுங்கள். பக்கெற் சொல்லும் மொத்த நேரத்துக்கு மேல் 1 நிமிடம் கூட விடுங்கள், இடையில் ஒருதரம் திறந்து கிளறினால் போதும். அடி கனத்த பானை வேண்டும். மெல்லிய அலுமினியப் பானை சீக்கிரம் சூட்டை விட்டுவிடும். அதில் செய்வதானால் அடுப்பு அணைந்த பிறகு ஒரு தடித்த துவாயால் மூடியோடு சுற்றி வையுங்கள். ரொட்டிக் கோதுமை மக்கறோனியில் இதைச் செய்ய வேண்டாம், ஊறிக் குழைந்துவிடும்.

இனி சோஸ் ஏன் பிரிகிறது என்ற கேள்வி. எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாக நிற்பதுதான் இயல்பு. இடையில் மாச்சத்து கரைந்திருந்தால் எண்ணெய்த் துளிகள் சின்னச் சின்னதாக உடைந்து, மறுபடி ஒன்றுசேராமல் நிற்கும்; அப்போது சோஸ் பால்நிறமாகத் திரண்டு பாஸ்டாவில் ஏறும். கடையில் கிரீம் போட்டுத் திரட்டுவதை வீட்டில் இதனாலேயே செய்யலாம். வடிக்கும் முன் அவிந்த தண்ணீரில் 400 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேத்தண்ணிக் கப் எடுத்து வையுங்கள். பாஸ்டாவைச் சோஸ் தாச்சியில் போட்டு, 150 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, பெரிய நெருப்பில் 1½ முதல் 2 நிமிடம் நிறுத்தாமல் பிரட்ட வேண்டும். பிரட்டுகிற வேகம்தான் எண்ணெயை உடைக்கிறது. மெதுவாகக் கிளறினால் நடக்காது. தாச்சியைச் சரித்துப் பாருங்கள். அடியில் எண்ணெய் தனியாக ஓடினால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பிரட்டுங்கள். தண்ணீர் தனியாக ஓடினால் இன்னும் அரை நிமிடம் நெருப்பில் விடுங்கள். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். தட்டுக்கு வந்து மேசைக்குப் போவதற்குள் அது இறுகிவிடும்.

இப்போது நமது ஊருக்கே பொருந்துகிற பாஸ்டா. இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில், சாளை இன மீனும் பெருஞ்சீரகச் செடியின் இலையும் உலர்ந்த திராட்சையும் பைன் விதையும் போட்டு, மேலே வறுத்த ரொட்டித்தூள் தூவிச் செய்கிற ஒரு பாஸ்டா இருக்கிறது. கடற்கரைச் சனங்களின் சாப்பாடு. சீஸ் வாங்க முடியாத வீடுகளில் ரொட்டித்தூளே சீஸின் இடத்தைப் பிடித்தது. அந்தச் சாமானில் பாதி நமது சந்தையில் அப்படியே கிடக்கிறது, மிச்சத்துக்கு ஈடு குசினியில் இருக்கிறது: கீரி மீன் அல்லது சாளை, பெருஞ்சீரகம், கேக்குக்கு வாங்கிய பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, பைன் விதைக்குப் பதில் கச்சான், பழைய பாண். எனது கணிப்பில் திருகோணமலையில் ஒரு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மலிவுப் பாஸ்டா இல்லை.

நாலு பேருக்கு முழுமீனாக 500 கிராம் கீரி வாங்குங்கள், சுத்தம் செய்தால் ஏறக்குறைய 300 மிஞ்சும். காலையிலேயே வாங்கி உடனே குளிரூட்டியில் வையுங்கள். இது ருசிக்காக மட்டும் சொல்வதல்ல. கீரி, சாளை, சூரை, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும்; எவ்வளவு அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு வெடிக்காமல், அமத்தினால் குழி விழாமல் உள்ள மீனையே எடுங்கள். வாயில் வைத்ததும் மிளகுபோல் நாக்கு சுணைத்தால் மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம்.

செதிள் நீக்கி, தலையை முறித்து, வயிற்றைக் கீறிக் குடல் எடுங்கள். பெருவிரலை முள்ளந்தண்டோடு வாலுக்கு ஓட்டினால் மீன் புத்தகம்போல் விரியும், முள்ளைத் தலைப்பக்கத்தில் இருந்து இழுத்தால் முழுதாக வரும். மிஞ்சுகிற மயிர்முள் சமையலில் மெத்தென்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விரலால் தடவிப் பார்த்துக் கொடுங்கள். அரைத் தேசிக்காயும் உப்பும் போட்டு ஒருதரம் கழுவி நீரை ஒற்றி எடுங்கள். மஞ்சள் பூச வேண்டாம். மஞ்சளும் கறித்தூளும் சேர்ந்தால் இது மீன்கறி போட்ட மக்கறோனியாகிவிடும். அதுவும் சாப்பிடலாம், ஆனால் வேறு சாப்பாடு.

முதலில் பாண்தூள். இரண்டு நாள் பழைய பாண் 100 கிராமைக் கையால் உதிர்த்தோ துருவியோ எடுத்து, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு நெருப்பில் 6, 7 நிமிடம் கிளறி வறுங்கள். கடலைத்தோல் நிறம் வந்ததும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு உடனே தட்டில் கொட்டுங்கள்; தாச்சியில் விட்டால் தாச்சிச் சூட்டிலேயே கருகும். புதுப்பாண் வேண்டாம், ஈரம் இருப்பதால் வறுபடாமல் உருண்டையாகும். கடையில் விற்கும் கட்லட் தூள் மிக மெல்லியது, தட்டில் விழுந்ததும் ஊறிவிடும்.

அதே தாச்சியில் 4 மேசைக்கரண்டி எண்ணெய். சூரியகாந்தி எண்ணெயும் சரி, தேங்காயெண்ணெயும் சரி. தேங்காயெண்ணெயில் செய்தால் பெருஞ்சீரகத்தின் வாசம் கொஞ்சம் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். ஒலிவ் எண்ணெய் வாங்கத் தேவை இல்லை. வீட்டில் ஒரு சின்னப் போத்தல் இருந்தால் கடைசியில் இறக்கியபின் பச்சையாக ஒரு கரண்டி விடுங்கள், பொரிக்கச் செலவழிக்காதீர்கள். சின்ன வெங்காயம் 100 கிராமை மெல்லியதாக அரிந்து, உப்புத் தூவி, சிறு நெருப்பில் 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். பொன்னிறமாக வேண்டாம், கண்ணாடியாகி இனிக்க வேண்டும். பிறகு தட்டிய உள்ளி 6 பல், பாதியாக இடித்த பெருஞ்சீரகம் 1½ தேக்கரண்டி, கிள்ளிய செத்தல் மிளகாய் 3. உள்ளி மஞ்சளாகத் தொடங்கும்போதே பிளம்ஸ் 2 மேசைக்கரண்டியும் வறுத்து உடைத்த கச்சான் 2 மேசைக்கரண்டியும் சேருங்கள். உள்ளி பழுப்பானால் கசக்கும், அந்தக் கசப்பைப் பிறகு எதனாலும் மறைக்க முடியாது. இந்த நேரத்துக்குப் பாஸ்டா பானையில் இருக்க வேண்டும்.

மீனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாச்சியில் போட்டு, கரண்டியால் உடைத்து, 2 நிமிடம். அது கரைந்து சோஸாகும். மிச்சத்தை முழுத்துண்டாகவே மேலே அடுக்கி இன்னும் 2 நிமிடம் மூடுங்கள், பிறகு அந்தத் துண்டுகளை மெதுவாக வேறு தட்டுக்கு எடுங்கள். பாஸ்டாவைப் போட்டு, தண்ணீர் விட்டு, மேலே சொன்னபடி பெரிய நெருப்பில் பிரட்டி இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் தேசிப்புளி, அரைக்காயில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். நெருப்பில் இருக்கும்போது புளி விட்டால் வாசம் போய்க் கைப்பு மட்டும் நிற்கும். பரிமாறும் நேரத்தில் மீன் துண்டும் பாண்தூளும் மேலே. பாண்தூளைத் தாச்சியில் கலந்துவிடாதீர்கள். மொறுமொறுப்பு வேண்டும் என்றுதான் அதை வறுத்தோம். அவரவர் தட்டில் அவரவர் தூவுவதே நல்லது.

பெருஞ்சீரகச் செடியின் இலை நம்மிடம் இல்லை என்பதால் பச்சை வாசம் ஒன்று குறையும். அதற்குக் கொத்தமல்லி இலையை மட்டாகப் போடலாம். பொன்னாங்காணி, முருங்கையிலை என்று கை போக வேண்டாம், அவற்றின் பசுமை வேறு வகை.

வாடைக் காற்றில், கார்த்திகை முதல் தை வரை, கடல் கொந்தளிக்கும்போது மீன் விலை ஏறும், சிலநாள் மீனே வராது. அப்போது 425 கிராம் மீன் டின் ஒன்று நாலு பேருக்குக் காணும். டின் மீன் ஏற்கெனவே வெந்தது, ஆகவே நெருப்பில் ஒரு நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம், காய்ந்து மரத்தூளாகும். உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு நடுமுள்ளை எடுங்கள். தக்காளிச் சாற்றில் உள்ள டின் என்றால் சாற்றை வீசாமல் வெங்காயத்தோடு 5 நிமிடம் சுண்ட விடுங்கள்; அந்த நாளில் பிளம்ஸைத் தவிருங்கள், இனிப்பு மிஞ்சிவிடும். அதைவிடவும் குறைந்த செலவில் வேண்டுமென்றால் நெத்தலிக் கருவாடு 40 கிராம். சுடுநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, தலை நீக்கி, எண்ணெயில் மொறுக்கப் பொரித்து, பாதியை உள்ளியோடு நசுக்கிச் சோஸுக்கும் பாதியைப் பாண்தூளுக்கும் போடுங்கள். சீஸ் தருகிற அந்த ஆழ்ந்த உவர்ச்சுவை கருவாட்டிலும் மாசியிலும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் வருமே. அதற்குக் கொண்டைக்கடலை. இத்தாலியிலும் கடலையும் பாஸ்டாவும் ஒரே பானையில் அவிப்பது ஏழை வீட்டுச் சாப்பாடுதான்; புரதமும் அதிலேயே கிடைக்கிறது. 200 கிராம் கடலையை இரவே ஊறப்போடுங்கள், ஊறும் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. உப்புப் போட்டால் கடலை வேகாது என்ற நம்பிக்கை தவறு. ஊறும்போது உப்பு தோலை இளக்கும். வேகாமல் தடுப்பது புளி. ஆகவே தக்காளியும் தேசிக்காயும் கடலை முழுதாக வெந்த பிறகு மட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, 1½ லீற்றர் புதுத் தண்ணீரும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டு, பிரஷர் குக்கரில் 25 முதல் 30 நிமிடம் அவியுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அதற்குக் குறைவாக வெந்தால் இந்தச் சாப்பாடு சரிவராது. ஒரு அகப்பை கடலையை எடுத்து மசித்துத் திரும்பப் போடுங்கள், அதுதான் கெட்டித் தன்மை தருவது. பானையில் ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் கொதிநீர் சேருங்கள். உப்புப் பார்த்து, சின்ன மக்கறோனி 250 கிராம் போட்டு, மூடாமல், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே அவியுங்கள். வேறாக வடிப்பதே இல்லை. அடுத்த அடுப்பில் 3 மேசைக்கரண்டி எண்ணெயில் உள்ளி 5 பல், செத்தல் 2, ஒரு நெட்டுக் கருவேப்பிலை தாளித்து, ஒரு தக்காளியைத் துருவி அதில் 3 நிமிடம் சுண்டவிட்டுப் பானையில் கொட்டுங்கள். 5 நிமிடம் மூடி ஆறவிட்டுப் பரிமாறினால் கூழுக்கும் கறிக்கும் இடைப்பட்ட பதம் வரும். உள்ளி, வெங்காயம் விலக்குகிற வீடென்றால் பெருங்காயம் ஒரு சிட்டிகை போதும்.

தக்காளிச் சோஸ் பற்றி ஒன்று. சந்தையில் தக்காளி விலை இறங்கும்போது 600 கிராம் நன்றாகப் பழுத்ததை வாங்கி, பாதியாக வெட்டித் துருவுபலகையில் துருவுங்கள், தோல் கையில் நின்றுவிடும். வதங்கிய வெங்காயத்தில் ஊற்றி 20 நிமிடம், எண்ணெய் ஓரத்தில் கசியும் வரை விட வேண்டும். 10 நிமிடத்தில் இறக்கினால் பச்சைப் புளிப்பும் தண்ணீரும்தான் இருக்கும். அந்தப் புளிப்பை அடக்கச் சீனி போடுவார்கள். நீளமாக வதக்கிய வெங்காயம் அதை நன்றாகவே செய்யும். போத்தல் தக்காளிச் சோஸ் இதற்கு மாற்று அல்ல. அதில் வினாகிரியும் சீனியுமே முன்னுக்கு நிற்கும்.

பிள்ளைகள் வெள்ளைச் சோஸ்தான் வேண்டும் என்றால் மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருகிற எருமைத் தயிரைப் பாருங்கள். கொழுப்புக் கூடியது, சட்டியில் கெட்டியாக நிற்பது. 300 கிராமைத் துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் தொங்கவிடுங்கள், ஒரு தேக்கரண்டி சோள மா கலந்து அடியுங்கள். உள்ளி, மிளகு, பாஸ்டா, அவிந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து அடுப்பு அணைந்த பிறகு, ஒரு நிமிடம் பொறுத்துத் தயிரைக் கலக்குங்கள். கொதிக்கும்போது விட்டால் உடனே திரைந்து வெள்ளைப் பருக்கையும் நீருமாகப் பிரியும். புளித்த தயிர் வேண்டாம், அன்றைய தயிர் வேண்டும். தேங்காய்ப்பாலும் போடலாம், இறாலுக்கு அது நன்றாகப் பொருந்தும். முதற்பால் 200 மில்லிலீற்றர், கடைசி நிமிடத்தில், கொதி வராமல். ஆனால் தேங்காய் விலையைப் பார்த்தால் மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கெற்றே வாங்காமல் வீட்டில் மா குழைத்துச் செய்யலாமா என்றால், செய்யலாம். கோதுமை மா அரைக்கிற பெரிய ஆலையே சீனக்குடாவில் இருக்கிற ஊர் இது. 300 கிராம் பச்சைக் கோதுமை மாவுக்கு 3 முட்டை, கால் தேக்கரண்டி உப்பு. இங்கே முக்கியமான எச்சரிக்கை: புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்து வைத்திருக்கிற மாவை எடுக்க வேண்டாம். அவித்ததும் அதன் புரதம் இறுகிச் செத்துவிடும், தண்ணீர் பட்டாலும் வலை பின்னாது. குழைத்தால் உதிரும், கொதிநீரில் போட்டால் கரைந்து கஞ்சியாகும். பச்சை மாவை 10 நிமிடம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் பிசையுங்கள். முதலில் வறண்டதாகத் தோன்றும், தண்ணீர் விட அவசரப்படாதீர்கள். விரலால் அமத்தினால் மெதுவாக எழும்பி வரவேண்டும். மூடி 30 நிமிடம் வைத்தால் இழுவை தளரும், அதற்குமுன் உருட்டினால் சுருங்கிக்கொண்டே இருக்கும். நாலாகப் பிரித்து, மா தூவி, உருளையாலோ கழுவிய போத்தலாலோ 1½ மில்லிமீற்றருக்குத் தட்டி, 10 நிமிடம் காயவிட்டு, சுருட்டி ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி உதறுங்கள். 3 நிமிடத்தில் வெந்துவிடும். ரொட்டிக் கோதுமைதான் என்றாலும் முட்டை அதைப் பிடித்து வைத்திருக்கும். நேரம் உள்ள நாளில் இது உலர் பக்கெற்றைவிட மலிவாக வரும். முட்டை விலை ஏறிய மாதங்களில் அந்தக் கணக்கு மாறும்.

மிஞ்சினால், மீன் உள்ளதை 2 மணித்தியாலத்துக்குள் குளிரூட்டியில் வையுங்கள், நமது வெக்கையில் அதற்குமேல் விடக்கூடாது. அடுத்த நாள் அது இறுகி ஒட்டியிருக்கும். ஆறிய மாச்சத்து கெட்டிப்படுவதால் வருவது, பழுது அல்ல. தாச்சியில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி 2 நிமிடம் சூடாக்கிப் பிரட்டினால் மறுபடி இளகும். அல்லது 2 முட்டையை அடித்து ஊற்றி, தட்டையாக அமத்தி, இரண்டு பக்கமும் மொறுக்கப் பொரித்துத் துண்டு போட்டால் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பாண்தூளை மட்டும் வேறாக, ஈரமில்லாத போத்தலில் போட்டு இறுக மூடி வையுங்கள். ஒரு கிழமை மொறுமொறுப்பாக இருக்கும்.